முதலில் மதிப்பீடு, அப்புறம்தான் பாடம்: கற்பித்தல் பயிற்சிக்குப் போகிறவருக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான்: பி.எட். இரண்டாம் ஆண்டு, கணிதம். 16 வாரக் கற்பித்தல் பயிற்சிக்கு ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள். வகுப்பில் நன்றாகப் படிப்பவர்கள் நாலைந்து பேர், எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் சிலர், தமிழ் சரியாக வராத வட மாநிலக் குழந்தைகள் இரண்டு மூன்று பேர், காதுக் கருவி மாட்டிய ஒரு பையன். இத்தனை பேரையும் எப்படி ஆர்வப்படுத்துவது, எப்படிக் கற்பிப்பது, எப்படி மதிப்பிடுவது? கல்லூரியில் படித்தது எதுவும் கைகொடுக்கவில்லையே?

நீங்கள் கேட்ட வரிசையில்தான் நம் கல்லூரிகளும் சொல்லித்தருகின்றன. பாடக்குறிப்பு எழுதும் வரிசையை நினைத்துப் பாருங்கள்: அறிமுகம், படித்தல், மனவரைபடம், தொகுத்து வழங்குதல், வலுவூட்டுதல், அதற்கப்புறம் மதிப்பீடு, அதற்கும் அப்புறம் குறைதீர் கற்றல். குழந்தைகள் யார் எங்கே நிற்கிறார்கள் என்று நமக்குத் தெரியவரும்போது பீரியடில் ஐந்து நிமிடம்கூட மிச்சம் இருக்காது. குறைதீர் கற்றல் என்ற கட்டத்தில் "மெல்லக் கற்கும் மாணவர்களுக்கு மீண்டும் விளக்குதல்" என்று ஒரு வரி எழுதிவிட்டு மணியடித்ததும் வெளியே வந்துவிடுவோம். எல்லோரும் ஓரளவு ஒரே இடத்தில் நிற்கிற வகுப்பில் இந்த வரிசை ஓடிவிடும். உங்களுக்குக் கிடைத்திருக்கிற வகுப்பில் ஓடாது. அங்கே மதிப்பீட்டை முதலில் வையுங்கள். அது சொல்கிற இடத்திலிருந்து பாடம் நடத்துங்கள். ஆர்வம் பெரும்பாலும் மூன்றாவதாகத் தானே வரும். நேற்று வராத ஒன்று இன்று வந்துவிட்டது என்று ஒரு பிள்ளைக்குத் தெரிவதைவிடப் பெரிய ஆர்வமூட்டல் எதையும் நான் பார்த்ததில்லை.

மதிப்பீடு என்றதும் தேர்வு என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு கால் தாள், மூன்று கணக்கு, ஏழு நிமிடம். அவ்வளவுதான்.

தசம எண்களை எடுத்துக்கொள்வோம். பாடம் தொடங்குவதற்கு முதல் நாள் ஆளுக்கொரு சீட்டு கொடுத்து, மூன்று ஜோடிகளைக் கரும்பலகையில் எழுதுங்கள். 0.35, 0.4 இவற்றில் எது பெரியது? 0.3, 0.45 இவற்றில் எது பெரியது? 0.5, 0.50 இவற்றில் எது பெரியது, அல்லது இரண்டும் சமமா? ஒவ்வொன்றுக்கும் "ஏன் என்று நினைக்கிறாய்" என ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுத வராதவர்கள் உங்களிடம் வந்து வாயால் சொல்லட்டும்.

சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தால், ஒரு கூட்டம் 0.35தான் பெரியது என்று எழுதியிருக்கும். காரணம், 35 என்பது 4ஐ விடப் பெரியது. இந்தப் பிள்ளைகளுக்குப் புள்ளி என்பது ஓர் அலங்காரம். அதற்கு வலப்பக்கம் இருப்பதை முழு எண்ணாகவே படிக்கிறார்கள். இவர்கள் இரண்டாவது ஜோடியில் 0.45 என்று சரியாக எழுதிவிடுவார்கள், அதே தவறான காரணத்தால். மூன்றாவதில் 0.50 பெரியது என்பார்கள். இன்னொரு கூட்டம் முதல் ஜோடியில் 0.4 என்று சரியாக எழுதியிருக்கும். டிக் போட்டுவிடாதீர்கள், அடுத்த விடையைப் பாருங்கள். 0.3தான் 0.45ஐ விடப் பெரியது என்று இருக்கும். பத்தில் ஒன்று நூறில் ஒன்றைவிடப் பெரியது என்று யாரோ சொல்லிக்கொடுத்ததை வைத்து, இலக்கம் குறைவாக இருந்தால் எண் பெரியது என்று இவர்கள் ஒரு விதியே செய்துகொண்டிருக்கிறார்கள். மூன்றாவதில் 0.5 பெரியது என்பார்கள்.

இரண்டு கூட்டத்துக்கும் மூன்றுக்கு ஒரு மதிப்பெண். ஆனால் இருவர் செய்கிற தவறும் நேரெதிர். மதிப்பெண் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இந்த இருவரையும் "மெல்லக் கற்போர்" என்று சேர்த்து உட்காரவைத்து அதே பாடத்தை இன்னும் மெதுவாக, இன்னும் சத்தமாக நடத்தினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. முதல் கூட்டத்துக்கு 0 முதல் 1 வரை ஓர் எண்கோடு வரைந்து, பத்தாகப் பிரித்து, அதில் 0.4 எங்கே, 0.35 எங்கே என்று கையால் குறிக்கச் சொல்ல வேண்டும். இரண்டாவது கூட்டத்துக்கு நூறு கட்டம் போட்ட சதுரம்தான் சரி. 0.3க்கு முப்பது கட்டம், 0.45க்கு நாற்பத்தைந்து கட்டம் என்று நிறம் தீட்டினால், இலக்கம் கூடினால் எண் சின்னதாகிவிடும் என்ற விதி அவர்கள் கண் முன்னாலேயே உடையும்.

மூன்றும் சரியாக எழுதியவர்களிலும் இரண்டு வகை உண்டு. ஏன் என்று கேட்டால், "கடைசியில பூஜ்ஜியம் போட்டுக்கணும் மிஸ்" என்பவர்கள் ஒரு வகை, உண்மையிலேயே புரிந்தவர்கள் இன்னொரு வகை. வெற்றுச் சீட்டுக் கொடுத்தவர்கள் தனி. அவர்களில் சிலருக்குக் கேள்வியைப் படிக்கவே வரவில்லை என்பது, நீங்கள் பக்கத்தில் போய் வாய்விட்டுப் படித்துக் காட்டும்போதுதான் தெரியும். படித்துக் காட்டியதும் பட்டென்று சரியாகச் சொல்கிற பிள்ளை கண்டிப்பாக ஒன்றிரண்டு இருக்கும். அதற்குக் கணக்கு வருகிறது, வாசிப்புதான் வரவில்லை.

இப்படிப்பட்ட வகுப்பில் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். மார்க்கெட்டிலோ காய்கறிக் கடையிலோ வீட்டாருக்கு உதவியாக நிற்கிற பையன் ஒருவன் இருப்பான். மின்னணுத் தராசில் 0.350 என்று வந்தால் முந்நூற்றைம்பது கிராம், 0.400 என்று வந்தால் நானூறு கிராம் என்று அவனுக்கு அத்துப்படி. அதே பையன் தாளில் 0.35தான் 0.4ஐ விடப் பெரியது என்று எழுதுவான். தராசு எப்போதும் மூன்று இலக்கம் காட்டுவதால் அவனுக்கு இந்தக் குழப்பம் கடையில் வந்ததே இல்லை. "தராசில் வெறும் 0.4 என்று வந்தால் எவ்வளவு?" என்று வகுப்பின் முன்னால் அவனிடம் கேளுங்கள். கொஞ்சம் யோசித்து, அவனே பூஜ்ஜியங்களைச் சேர்த்துச் சொல்வான், மற்றவர்களும் அவனிடமிருந்து பிடித்துக்கொள்வார்கள். அதோடு நிறுத்திவிட வேண்டாம். கிராமாக மாற்றிப் பார்ப்பதும் ஒரு வகையில் முழு எண்ணுக்குத் திரும்புவதுதான். 0.4 மீட்டர், வெறும் 0.4 என்று நகர்த்தி எண்கோட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

இதில் நீங்கள் கேட்ட மூன்றும் நடந்துவிட்டன. எங்கே நிற்கிறான் என்று பார்த்தாகிவிட்டது, அங்கிருந்து பாடம் போயிற்று, அந்தக் கடைப் பையனிடம் வகுப்பே ஆர்வமாகக் கணக்குக் கேட்டது.

"45 நிமிடத்தில் நான்கு பாடம் நடத்தச் சொல்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. பாடம் ஒன்றுதான். முதல் இருபது நிமிடம் எல்லோருக்கும் பொது. அடுத்த பதினைந்து நிமிடம் மட்டும் தவறின் வகையைப் பொறுத்துப் பிரித்து வெவ்வேறு வேலை. ஒரு கூட்டத்தோடு நீங்கள் தரையில் உட்காருங்கள், மற்றவர்கள் தாங்களாகச் செய்யட்டும். நாளைக்கு வேறு கூட்டத்தோடு உட்காருங்கள். கடைசிப் பத்து நிமிடம் மறுபடி ஒரு சீட்டு, ஒரே ஒரு கேள்வி.

இதெல்லாம் நம் ஊருக்குப் புதிதும் இல்லை. செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் போனது. ஒரே வகுப்பில் வேறு வேறு ஏணிப்படியில் பிள்ளைகள் இருப்பார்கள் என்பதை அது வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. கொரோனாவுக்குப் பிறகு 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் தொடக்க வகுப்புகளில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரிக்கிறது. பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனம் வட மாநிலங்களில் செய்வதும் இதுதான்: தினமும் கொஞ்ச நேரம் வகுப்பை மறந்துவிட்டு, யாருக்கு எந்த அளவு வாசிக்க வருகிறதோ அதன்படி உட்காரவைத்துச் சொல்லித்தருவது. மும்பையிலும் வதோதராவிலும் பின்தங்கிய பிள்ளைகளுக்கென்று உள்ளூர்ப் பெண்களை வைத்துத் தனியாகச் சொல்லித்தந்ததில் நல்ல பலன் இருந்ததை அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்ளோவும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்டார்கள். 2019இல் பொருளாதார நோபல் வாங்கியவர்களில் இந்த இருவரும் உண்டு. உங்கள் ஏழாம் வகுப்பில் இருப்பவர்களில் சிலர் எண்ணும் எழுத்தும் வகுப்பில் இருந்துவிட்டு வந்தவர்கள்தான். குழுவாகப் பிரிவது அவர்களுக்குப் பழக்கம்.

ஆனால் ஒன்று. குழு நிரந்தரமாகிவிடக் கூடாது. தசம எண்ணில் தடுமாறுகிறவன் வடிவியலில் முன்னால் இருப்பான். மாதக்கணக்கில் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால், அரும்பு என்று பெயர் வைத்தாலும் மலர் என்று பெயர் வைத்தாலும், தான் மக்குக் கூட்டம் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். ஆசிரியர் அறையில் உங்கள் காதில் விழும் பேச்சையும் கவனித்துக்கொள்ளுங்கள். "அவனா, அவனுக்கு ஒண்ணும் ஏறாது" என்று முதல் நாளே உங்களுக்கு ஒரு பட்டியல் வந்துசேரும். ரோசென்தால், ஜேக்கப்சன் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஒரு பள்ளியில், சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் எடுத்த சில பெயர்களை "இவர்கள் இந்த ஆண்டு நன்றாக வளர்வார்கள்" என்று ஆசிரியர்களிடம் சொல்லிவைத்தார்கள். கீழ் வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் உண்மையிலேயே கூடுதலாக முன்னேறியதாக 1968இல் எழுதினார்கள். அந்த விளைவு எவ்வளவு பெரியது என்று ஆய்வாளர்கள் இன்னமும் சண்டை போடுகிறார்கள், அது கிடக்கட்டும். எதிர்பார்ப்பு நம் நடத்தையை மாற்றுகிறது என்பதற்கு ஆய்வு தேவையில்லை. ஏறாது என்று முடிவுகட்டிய பிள்ளையிடம் கேள்வி கேட்டுவிட்டு நாம் எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்று பாருங்கள்.

காத்திருப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டுப் பார்த்தார். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார். அதை மூன்று நொடியாக்கினாலே பதில் நீளமாகிறது, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள். மூன்று நொடி என்பது கரும்பலகை முன்னால் நிற்கும்போது மூன்று நிமிடம்போல் இருக்கும். மனசுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள். அதோடு "புரிஞ்சுதா?" என்று கேட்பதை இந்த 16 வாரமும் விட்டுவிடுங்கள். "புரிஞ்சுது மிஸ்" என்று மொத்த வகுப்பும் ராகம் போடும், யாருக்குப் புரிந்தது என்று கடைசி வரை தெரியாது. ஆளுக்கொரு சிலேட்டோ பழைய நோட்டுத் தாளோ கொடுத்து, விடையை எழுதித் தூக்கிக் காட்டச் சொன்னால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

நன்றாகப் படிக்கிற அந்த நாலைந்து பேரை எல்லோரும் மறந்துவிடுகிறோம். முடித்துவிட்டால் "பக்கத்துல இருக்கறவனுக்குச் சொல்லிக்குடு" என்பதோடு சரி. அது ஓரளவுக்கு நல்லது, சொல்லித்தருகிறவனுக்கும் தெளிவு கூடும். தினமும் அதையே செய்யவைத்தால் அவன் சம்பளமில்லாத உதவி ஆசிரியன் ஆகிவிடுவான். அவர்களுக்கும் தடுமாறுகிற மாதிரி ஒரு கணக்கு வேண்டும். 0.4க்கும் 0.41க்கும் நடுவில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். ஒன்பது என்று வேகமாகச் சொல்வார்கள். அங்கிருந்து தொடங்கும் விவாதத்துக்கு ஒரு பீரியட் போதாது.

உங்கள் பாடத்தில் கற்றல் பாணி என்று ஒன்று வந்திருக்கும்: பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர். தேர்வில் கேட்டால் எழுதுங்கள், மதிப்பெண் முக்கியம். வகுப்பில் அதன்படி பிள்ளைகளைப் பிரிக்காதீர்கள். 2008இல் பாஷ்லர் என்ற உளவியலாளரும் வேறு மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, பாணிக்கேற்பக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று முடிவுக்கு வந்தார்கள். எண்கோடு பார்ப்பதும், சொல்வதைக் கேட்பதும், கட்டம் தீட்டுவதும் எல்லாப் பிள்ளைக்குமே வேண்டும். பாடம் எதைக் கேட்கிறதோ அதைக் கொடுங்கள்.

சரி, வட மாநிலக் குழந்தைகள். திருப்பூர்ப் பக்கமும் சென்னையைச் சுற்றியும் ஒடிசா, பீகார், உத்தரப் பிரதேசத்திலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் இல்லாத அரசுப் பள்ளி இப்போது குறைவு. இவர்கள் பேசாமல் உட்கார்ந்திருப்பதால் கணக்கும் தெரியாது என்று நினைத்துவிடுகிறோம். முதலில் வார்த்தையே இல்லாத கணக்கைக் கொடுத்துப் பாருங்கள், எண்கள் எல்லோருக்கும் ஒன்றுதான். ஊரில் நான்காம் வகுப்பில் படித்த நீள் வகுத்தலை அழகாகப் போட்டுக் காட்டுகிற பெண் அங்கே இருக்கலாம். ஒவ்வொரு பாடத்துக்கும் ஆறேழு சொற்கள்தான் உயிர்நாடி: பெரியது, சிறியது, சமம், பங்கு, மீதி, தசமம் என்பதுபோல. அவற்றைப் படத்தோடு சுவரில் ஒட்டிவிடுங்கள். அது அவளுக்கு மட்டும் பயன்படாது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ சௌராஷ்டிரமோ உருதுவோ பேசுகிற உள்ளூர்ப் பிள்ளைகளும், தமிழே பேசினாலும் பாடநூல் தமிழோடு மல்லுக்கட்டுகிறவர்களும் அதைப் பார்த்துக்கொள்வார்கள். பக்கத்தில் கொஞ்சம் இந்தி தெரிந்த ஒருத்தியை உட்காரவைக்க முடிந்தால் நல்லது. ஆனால் மொழிபெயர்ப்பு வேலை நாள் முழுக்க ஒரே பிள்ளை தலையில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காதுக் கருவி மாட்டிய பையனுக்கு நீங்கள் செய்யக்கூடியது நிறைய, எல்லாமே காசில்லாத வேலை. உங்கள் வாய் தெரிகிற மாதிரி முன்வரிசையில், மின்விசிறிச் சத்தத்திலிருந்தும் சாலைப்பக்க ஜன்னலிலிருந்தும் தள்ளி உட்காரவையுங்கள். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாதீர்கள். எழுதி முடித்துவிட்டுத் திரும்பிப் பேசுங்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் உங்கள் முகம் நிழலாகிவிடும், அவனுக்கு உதடு தெரியாது. பின்னாலிருந்து யாராவது பதில் சொன்னால் அதை நீங்கள் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பாதி வகுப்பு அவனுக்கு மௌனப்படம்தான். "சத்தமாப் பேசினா போதும்" என்பார்கள். கத்தினால் உதட்டசைவு கோணலாகும், தெளிவாகப் பேசினாலே போதும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. கற்றல் குறைபாடும் அதில் உண்டு. வகுப்பில் ஓரிரு பிள்ளைகளைப் பார்த்து இது டிஸ்லெக்சியாவாக (வாசிப்புக் குறைபாடாக) இருக்குமோ என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றினால் எழுதிவையுங்கள், முடிவு கட்டாதீர்கள், பெற்றோரிடம் அந்தப் பெயரைச் சொல்லாதீர்கள். வழிகாட்டி ஆசிரியரிடமும், வட்டார வள மையத்திலிருந்து வருகிற சிறப்பாசிரியரிடமும் சொல்லுங்கள். சான்றிதழ் முறையாகக் கிடைத்தால் பத்தாம் வகுப்பில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஒருவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. பத்தாம் வகுப்பு ஜனவரியில் யாருக்காவது உறைத்து அலைவதைவிட ஏழாம் வகுப்பிலேயே தொடங்குவது எவ்வளவோ மேல். அதற்கும் முன்னால், கண்ணைப் பாருங்கள். கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்தே எழுதுகிறவன் காப்பியடிக்கிறான் என்று அடுத்த பெஞ்சுக்கு மாற்றப்படுவான். அவனுக்குத் தேவை கண்ணாடியாக இருக்கலாம். பள்ளிக்கு வருகிற நடமாடும் மருத்துவக் குழுவின் பார்வைக்கு அவன் பெயரைக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

சாதியைப் பற்றிக் கல்லூரியில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். வகுப்பில் யார் யாரோடு உட்காருகிறார்கள், யார் தண்ணீர் பாட்டிலை யார் வாங்கிக் குடிக்கிறார்கள் என்று முதல் வாரம் சும்மா பாருங்கள். நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், மாணவர்களை அகர வரிசைப்படி உட்காரவைக்க வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது என்றெல்லாம் பரிந்துரைத்தது. பயிற்சிக்குப் போகிற நீங்கள் பள்ளியின் உட்காரும் முறையை மாற்ற முடியாது. ஆனால் உங்கள் குழுவேலையில் யார் யாரோடு என்பதை நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள். தவறின் வகையைப் பார்த்துப் பிரிப்பதில் எனக்குப் பிடித்ததே அதுதான். கூட்டாளிகளும் தெருவும் கலைந்து, கணக்குக்காக யாரோ யாரோடோ உட்கார வேண்டியிருக்கும், ஏன் என்று கேட்கவும் முடியாது. உதவித்தொகைப் பெயர்களை வகுப்பில் உரக்கப் படிக்கச் சொன்னால், தனியாகக் கூப்பிட்டுச் சொல்கிறேன் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

ஆர்வமூட்டலுக்கு வருகிறேன். பாடக்குறிப்பில் எழுதுகிற ஆர்வமூட்டல், அதாவது ஒரு கதை, ஒரு விடுகதை, ஒரு சார்ட், ஐந்து நிமிடம் நிற்கும். தப்பில்லை, செய்யுங்கள். பரிசு, ஸ்டார் ஸ்டிக்கர் விஷயத்தில் மட்டும் கை அடக்கம் வேண்டும். லெப்பரும் உடன் ஆய்வாளர்களும் 1973இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று: படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று சொல்லி வரையவைத்தார்கள். பிறகு சும்மா விட்டபோது அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். ஆசையே இல்லாத வேலைக்குச் சின்னப் பரிசு தள்ளிவிட உதவலாம். ஆசை இருக்கிற இடத்தில் விலை பேசக் கூடாது. ஒவ்வொரு விடைக்கும் "வெரி குட்" சொன்னால் இரண்டாவது வாரத்தில் அதற்கு மதிப்பு போய்விடும். "போன வாரம் புள்ளியைப் பார்க்காம எழுதின, இன்னைக்கு எண்கோட்டுல சரியா வச்சிருக்க" என்று சொல்லிப் பாருங்கள், அவன் நோட்டை மூடாமல் அடுத்த கணக்குக்குப் போவான். அதைச் சொல்வதற்குப் போன வாரச் சீட்டு உங்கள் கையில் இருக்க வேண்டும்.

பிரம்பைப் பற்றி ஒரு வரி. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு அடிப்பதையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. "ரெண்டு போட்டாத்தான் கேப்பானுங்க" என்று உங்களிடம் ஒரு ஸ்கேலை நீட்டுவார்கள். வாங்காதீர்கள். பி.எட். மிஸ் என்றால் எவ்வளவு தூரம் போகலாம் என்று பையன்கள் முதல் பத்து நாள் சோதித்துப் பார்ப்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆசிரியரிடம் அந்தச் சோதனை சீக்கிரம் முடியும். அதனால் முதல் மூன்று நாளில் எல்லாப் பெயரையும் மனப்பாடம் செய்துவிடுங்கள். முதல் பீரியடில் முகம் வாடி உட்கார்ந்திருப்பவனிடம் சாப்பிட்டாயா என்று கேளுங்கள். காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளியோடு நின்றுவிடுகிறது. உங்கள் ஏழாம் வகுப்புக்கு அது கிடையாது.

இனி மதிப்பெண். உங்கள் வகுப்பில் செயல்பாடுகளுக்கான வளரறி மதிப்பீடு (அ) 20, சிறு தேர்வுகளுக்கான வளரறி மதிப்பீடு (ஆ) 20, பருவ இறுதித் தேர்வான தொகுத்தறி மதிப்பீடு 60. இதில் (அ) பகுதிதான் பலதரப்பட்ட வகுப்புக்கென்றே வந்த வாய்ப்பு. நடப்பில் அது ஸ்டேஷனரிக் கடை சார்ட்டாகவும் பிரவுசிங் சென்டர் பிரின்ட் அவுட்டாகவும் முடிந்துவிடுகிறது. கையில் காசும் வீட்டில் படித்தவரும் உள்ள பிள்ளைக்கு 20, மற்றவனுக்கு 12. செயல்பாட்டை வகுப்பிலேயே, உங்கள் கண் முன்னால், பள்ளியில் இருக்கிற பொருளை வைத்தே செய்யவையுங்கள். வீட்டிலிருந்து காய்கறிக் கடை ரசீதைக் கொண்டுவந்து, அதில் உள்ள எடைகளை ஏறுவரிசையில் அடுக்குவதுகூட ஒரு செயல்பாடுதான். எழுத வராதவன் வாயால் விளக்கலாம், தமிழ் வராதவள் கோடு வரைந்து காட்டலாம். பார்ப்பது தசம எண் தெரிகிறதா என்பதைத்தானே.

"எல்லோருக்கும் ஒரே வினாத்தாள் நியாயமா?" என்ற கேள்வி உங்கள் மனதில் இருக்கும். தொகுத்தறித் தேர்வில் ஒரே தாள்தான், அதில் நமக்கு வேலையில்லை. தினசரிச் சீட்டில் அப்படி இருக்க வேண்டியதில்லை. நான் இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்வேன். வகுப்பு எதிர்பார்க்கிற இடத்துக்கு இவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்பது ஒன்று, போன மாதத்திலிருந்து எவ்வளவு நகர்ந்திருக்கிறான் என்பது இன்னொன்று. பிள்ளையை ஊக்கப்படுத்த இரண்டாவதைப் பேசலாம், ஆனால் முதலாவதை மறைக்கக் கூடாது. எட்டாம் வகுப்பு வரை ஆல் பாஸ் என்பதால் "நல்லா பண்றான்" என்றே சொல்லிச் சொல்லி அனுப்பப்பட்ட பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் விழும்போது, அவன் அம்மா "யாருமே சொல்லலியே சார்" என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கும்.

நோட்டுத் திருத்தும்போது ஒன்று செய்து பாருங்கள். இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் ஒரு பகுதியினருக்கு மதிப்பெண் மட்டும், ஒரு பகுதியினருக்குக் குறிப்பு மட்டும், மீதிப் பேருக்கு இரண்டும் கொடுத்தார். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள், ஆர்வமும் நின்றது. இரண்டையும் பெற்றவர்களிடம் அந்தப் பலன் இல்லை. மதிப்பெண் இருந்தால் கண் அங்கேதான் போகும், குறிப்பு வீண். அதனால் தினசரிச் சீட்டில் மதிப்பெண் போடாதீர்கள். "0.45ஐ எண்கோட்டில் வைத்துக் காட்டு" என்று பிள்ளை செய்யக்கூடிய ஒரு வேலையை எழுதுங்கள். எல்லாச் சீட்டிலும் எழுத நேரம் இருக்காது. தவறு நாலு வகைதான் என்பதால் நாலு குறிப்பைப் பலகையில் எழுதி, சீட்டில் எத்தனையாவது குறிப்பு என்று மட்டும் போட்டால் போதும்.

இதையெல்லாம் 16 வாரமும் எல்லாப் பாடத்துக்கும் செய்ய முடியாது. வழிகாட்டி ஆசிரியருக்குப் போர்ஷன் முடிக்க வேண்டும், பருவத் தேர்வு வரும், நடுவில் உங்களை அலுவலக வேலைக்கும் கூப்பிடுவார்கள். ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் இந்த முறையில் முழுதாகச் செய்கிறேன் என்று முதல் வாரமே அவரிடம் அனுமதி கேளுங்கள். மறுப்பவர்கள் குறைவு. அவருடைய அனுபவத்தையும் கேளுங்கள். எந்தப் பிள்ளை எந்தத் தவறைச் செய்வான் என்று சீட்டு இல்லாமலே சொல்லக்கூடியவர்கள் நம் பள்ளிகளில் இருக்கிறார்கள்.

கல்லூரியிலிருந்து பார்வையிட வருபவர் பெரிய சார்ட்டையும், தூக்கிய கைகளையும், அமைதியான வகுப்பையும் எதிர்பார்க்கலாம். பிள்ளைகள் மூன்று கூட்டமாகத் தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து முகம் சுளித்தால், பாடக்குறிப்பை நீட்டுங்கள். அதில் குறைதீர் கற்றல் என்ற கட்டத்தில் "மீண்டும் விளக்குதல்" என்று இல்லாமல், எந்தத் தவறு, எத்தனை பேர், எதை வைத்துச் சரிசெய்யப்போகிறேன் என்று எழுதியிருக்கட்டும். செய்முறைத் தேர்வில் மதிப்பீடு பற்றிக் கேட்டால் வரையறை சொல்ல வேண்டாம். ஒரே பிள்ளையின் முதல் சீட்டு, நடுச்சீட்டு, கடைசிச் சீட்டு மூன்றையும் ரெக்கார்டில் ஒட்டி அதைக் காட்டுங்கள். ஒட்டும்போது பெயரை மறைத்துவிடுங்கள், அந்த ரெக்கார்டு பல பேர் கைக்குப் போகும்.